முடிவில்லாத விளையாட்டுக்கு முடிவு வைப்பது யார்?

நாவலப்பிட்டியில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் மைதானங்கள் சேறாகிவிடும். பாடசாலை விட்டு வரும் சிறார்கள் வீட்டிற்குள்ளேயே மாலைப் பொழுதைக் கழிக்க வேண்டியவர்களாகின்றனர். முன்னர் அவ்வேளையில் கரம் பலகையும் தாயமும் துணையாயின. இன்று அந்த இடத்தைக் கையடக்கத் தொலைபேசி பிடித்துக்கொண்டுள்ளது.

2020 மார்ச்சில் கொவிட் தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, இணையவழிக் கல்விக்கென்று பெற்றோர் பலர் கடன்பட்டேனும் இக்கருவியை வாங்கிக் கொடுத்தனர். பாடத்திற்காக வந்த கருவி பின்னர் விளையாட்டுக் கருவியாகவும் மாறியது. இதனை முற்றாகத் தடுப்பதா, அனுமதிப்பதா என்பதே இன்று பல வீடுகளில் எழும் வினாவாகும்.

வீடியோ விளையாட்டுகள் யாவும் தீயவை எனக் கூறுவது நியாயமன்று. விரைவாகச் செயற்பட வேண்டிய விளையாட்டுகள் பார்வைக் கவனத்தைக் கூர்மையாக்குகின்றன என்பதை அமெரிக்காவின் ரொச்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர். புதிர் விளையாட்டுகள் திட்டமிடும் பழக்கத்தை வளர்க்கக்கூடும். எனினும், பார்வைக் கவனம் கூடுவதால் பாடத்திலும் கவனம் கூடிவிடும் என்று கருதிவிடலாகாது.

மறுபுறத்தில், உலக சுகாதார அமைப்பு தனது நோய் வகைப்பாட்டில் விளையாட்டு அடிமைநிலையையும் சேர்த்துள்ளது. 2019இல் ஏற்கப்பட்ட இவ்வகைப்பாடு 2022 ஜனவரி முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தது. விளையாட்டைக் கட்டுப்படுத்த இயலாமை, ஏனைய கடமைகளைவிட அதற்கே முதலிடம் அளித்தல், தீங்கு நேர்ந்த பின்னரும் தொடர்தல் ஆகிய மூன்றும் பொதுவாக ஓராண்டு காலம் நீடித்தாலே அது நோயெனக் கொள்ளப்படுகின்றது. ஆகவே விடுமுறையில் சற்று அதிகமாக விளையாடும் பிள்ளையை நோயாளி என முத்திரை குத்துதல் தவறாகும்.

ஆனால் பிள்ளையால் ஏன் நிறுத்த முடிவதில்லை? 1985இல் வெளிவந்த சூப்பர் மரியோ விளையாட்டில் இளவரசியை மீட்டதும் கதை முடிந்துவிடும். ஃப்ரீ ஃபயர், பப்ஜி போன்ற இன்றைய விளையாட்டுகளுக்கு அத்தகைய முடிவு இல்லை. ஒரு சுற்று முடிந்ததும் அடுத்த சுற்று காத்திருக்கின்றது. நாள்தோறும் வருவோருக்குப் பரிசும் உண்டு. பிள்ளையின் மன உறுதி குறைவு என்பதைவிட, நிறுத்த மனம் வராதபடி அவை அமைக்கப்பட்டுள்ளன என்பதே பொருந்தும்.

பணமும் இதில் கலந்துள்ளது. உள்ளே என்ன இருக்கின்றது என்று அறியாமலே பணம் கொடுத்துத் திறக்கும் பரிசுப் பெட்டிகள் பல விளையாட்டுகளில் உள்ளன. இவற்றைச் சூதாட்டமாகக் கருதி 2018இல் பெல்ஜியம் தடுத்தது. சூதை விலக்கி வாழும் குடும்பங்களுக்குள்ளும் பிள்ளையின் ‘ரீலோட்’ பணத்தின் வழியாக அது நுழையக்கூடும் என்பதைப் பெற்றோர் உணர்தல் வேண்டும்.

சீனா 2021இல், பதினெட்டு வயதிற்குட்பட்டோர் வெள்ளி, சனி, ஞாயிறு மற்றும் விடுமுறை நாட்களில் இரவு 8 முதல் 9 மணி வரை மாத்திரமே இணைய விளையாட்டில் ஈடுபடலாம் என விதித்தது. அரசு விதித்தாலும் விதிக்காவிட்டாலும், அதனைக் கவனிக்க வீட்டில் ஒருவர் வேண்டும். தாய் மத்திய கிழக்கிலும் தந்தை கொழும்பிலும் தொழில் புரிய, பாட்டியின் பொறுப்பில் வளரும் பிள்ளைகள் மலையகத்தில் பலர். அவ்வீடுகளில் தொலைபேசியைப் பறிப்பது தாயின் குரலையே பறிப்பதாகிவிடும். எனவே தடையைவிட ஒழுங்கே பயன் தரும்.

விளையாட்டு தொடங்கு முன்பே எத்தனை சுற்று என்பதைப் பிள்ளையுடன் பேசித் தீர்மானியுங்கள். இரவில் தொலைபேசி பெரியவரின் அறையில் இருக்கட்டும், உறக்கம் காக்கப்படும். மழை விட்ட நாளில் பிள்ளையை வெளியே அனுப்புங்கள். வெளிச்சத்தில் விளையாடுவது கிட்டப்பார்வை ஏற்படும் வாய்ப்பைக் குறைக்கின்றது. வாரத்தில் ஒருநாளேனும் அருகில் அமர்ந்து, அவர்கள் எதனை, யாருடன் விளையாடுகின்றனர் என்று கேளுங்கள். உறக்கமும் படிப்பும் தொடர்ந்து குலையுமாயின் வைத்திய ஆலோசனை பெறத் தயங்க வேண்டாம். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்தையும் அழைக்கலாம்.

விளையாட்டை ஆக்கியவர்கள் அதற்கு முடிவு வைக்கவில்லை. அம்முடிவை அன்போடு வைப்பது வீட்டிலுள்ள பெரியவர்களின் பொறுப்பாகும்.