சிறிய மோட்டார் சைக்கிளில் மீண்டும் ஏறுவோர்க்கு

தோட்டப்புறங்களில் வாழும் நம்மிடையே, ஒரு காலத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பழகி, பிறகு ஏதோ ஒரு காரணத்தால் விட்டுவிட்டவர்கள் பலர் உள்ளனர். சிலருக்குப் பிள்ளைப்பேறு காரணம். சிலருக்கு விபத்து காரணம். வருடங்கள் பல கழிந்து, குடும்பத் தேவை நெருக்கும்போது, ‘நம்மால் மறுபடி முடியுமா?’ என்ற கேள்வி எழுகிறது. அந்தக் கேள்விக்கு விடை காண்பதே இன்றைய பேச்சின் நோக்கம். நானும் அவ்வாறு நிறுத்தியவள்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்த நாட்களில், விடுமுறைக்கு வீடு திரும்பும்போதெல்லாம் என் தந்தையாரின் பழைய ஹொண்டா சி70 வண்டியில் ஓட்டிப் பழகினேன். பதினான்கு ஆண்டுகளுக்கு முன், மழை விட்ட ஒரு மாலையில், ஆறு வயது மகனைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு செம்மண் சரிவில் இறங்கினேன். வளைவில் மாடு ஒன்று குறுக்கே வந்தது. பதறிப்போய் முன் பிரேக்கை இறுகப் பிடித்தேன். முன் சக்கரம் வழுக்கியது, இருவரும் விழுந்தோம். மகனுக்கு நான் போட்டிருந்தது பெரியவர்களின் தலைக்கவசம். வாரையும் சரியாக மாட்டவில்லை. விழுந்த வேகத்தில் அது கழன்று உருண்டது. கை முறிவோடு அவன் தப்பியது எங்கள் நல்ல காலம். அன்றோடு வண்டியைத் தொடுவதில்லை என்று இருந்துவிட்டேன்.

ஆனால் நீரிழிவு நோயால் என் கணவரின் கண் பார்வை மங்கிவிட்டது. இனி வண்டி ஓட்டக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். சுகாதார நிலையமோ எங்கள் தோட்டத்திலிருந்து 9 கிலோமீட்டர் தூரம். பஸ் வருவது நின்று பல காலம் ஆகிறது. வாடகைக் கார் கிடைக்காத ஒரு நாளில் அவருடைய கண் பரிசோதனை தவறிப்போயிற்று. அன்றிரவுதான் மீண்டும் வண்டி ஓட்டுவதென்று முடிவு செய்தேன்.

இனி, எந்த வண்டி ஏற்றது என்று பார்ப்போம். மீண்டும் தொடங்குகிறவர்க்கு, நம் நாட்டில் ‘கப்சாய்’ என்று அழைக்கப்படும் சிறிய வண்டியே சிறந்தது. இந்த வகை வண்டிகளுக்கு மூலமாக அமைந்தது, 1958ஆம் ஆண்டில் ஜப்பானில் வெளிவந்த ஹொண்டா சூப்பர் கப். அதன் முதல் இஞ்சின் 50 சிசி அளவுதான். 2017ஆம் ஆண்டில் அந்த வரிசையின் உற்பத்தி 10 கோடியை எட்டியது. எளியவர்களின் வண்டியாக அது உலகெங்கும் பரவியதற்கு முக்கியமான காரணம் ஒன்று உண்டு. அதில் இடக்கையால் பிடிக்கும் கிளட்ச் இல்லை.

கிளட்ச் இல்லாமல் எப்படி கியர் விழுகிறது? கோயில் திருவிழாவில் ராட்டினம் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். மெதுவாகச் சுற்றும்போது தொங்கும் இருக்கைகள் நேராகவே இருக்கும். வேகம் கூடக்கூட வெளிப்பக்கம் விரியும். இந்த வண்டியின் கிளட்சுக்குள்ளும் அதேபோன்று சிறு எடைகள் இருக்கின்றன. இஞ்சின் மெல்ல ஓடும்போது அவை ஒதுங்கியிருக்கும். சக்கரத்துக்கு விசை போகாது. ஆக்சிலேட்டரைத் திருகினால் எடைகள் வெளியே விரிந்து, கிளட்சை அழுத்திப் பிடிக்கும், வண்டி நகரும். ஓடும்போது கியர் மிதியை இடக்காலால் அழுத்தினால் கிளட்ச் தானாகவே விலகும். மிதியைப் பட்டென்று விடாமல் மெல்லத் தூக்கினால் வண்டி குதிக்காது. முன்பக்கம் மிதித்தால் மேல் கியர், பின்பக்கம் குதிகாலால் மிதித்தால் கீழ் கியர்.

நான் வாங்கியது பழைய ஹொண்டா இஎக்ஸ்5; 100 சிசி வண்டி. ஏறத்தாழ 100 கிலோகிராம் எடைதான். வண்டியைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்று சோதனைகளைச் செய்யுங்கள். உட்கார்ந்தால் இரண்டு பாதங்களும் தரையில் படிய வேண்டும். நின்ற இடத்தில் வண்டியைச் சற்றுச் சாய்த்து, நீங்களே நிமிர்த்த முடிய வேண்டும். நடுத்தாங்கியில் ஏற்றவும் இறக்கவும் உங்கள் பலம் போதுமானதாக இருக்க வேண்டும். இம்மூன்றும் இயலாத வண்டி, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் உங்களுக்கு ஏற்றதன்று. பழைய வண்டியானால் டயரின் பள்ளங்கள், பிரேக், சங்கிலியின் தொய்வு, விளக்குகள் ஆகியவற்றை நம்பிக்கையான ஒரு மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.

அடுத்தது லைசென்ஸ். 250 சிசி வரையுள்ள மோட்டார் சைக்கிளுக்கு பி2 லைசென்ஸ் வேண்டும். நான் பல ஆண்டுகள் புதுப்பிக்காமல் விட்டிருந்ததால், மீண்டும் பயிற்சி நிலையத்தில் சேர்ந்து சோதனை எழுத வேண்டியதாயிற்று. முதலில் மனத்தாங்கலாக இருந்தது. பிறகு அதுவே நன்மையாக முடிந்தது. லைசென்ஸ் காலாவதியானவர்கள் சாலைப் போக்குவரத்து இலாகாவில் விசாரித்துவிட்டுத்தான் சாலையில் இறங்க வேண்டும். லைசென்ஸ் இல்லாமலும், சாலை வரியும் காப்புறுதியும் இல்லாமலும் ஓட்டினால், ஒரு சிறு விபத்துகூட குடும்பத்தைக் கடனில் தள்ளிவிடும்.

பயிற்சியைப் படிப்படியாகத் தொடங்க வேண்டும். எங்கள் லயத்தில், முன்பு தோட்டத்து லாரி ஓட்டிய பெரியவர் ஒருவர் இருக்கிறார். நாங்கள் அவரை மாமா என்றுதான் அழைப்போம். பந்து விளையாடும் திடலில் வண்டியை நிறுத்தியதும் அவர் சொன்னார்: “டீச்சர், ரெண்டு நாளைக்கு இஞ்சினையே முடுக்காதீங்க. தள்ளிக்கிட்டு நடங்க. அது எந்தப் பக்கம் சாயுதுன்னு கை தெரிஞ்சுக்கட்டும்.” எனக்கு வெட்கமாக இருந்தது. ஆயினும் அதன்படி செய்தேன். தள்ளிக்கொண்டே முன் பிரேக்கையும் பின் பிரேக்கையும் மெல்லப் பிடித்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் முதல் கியரில் பத்தடி ஓட்டி நிறுத்தினேன். அதைப் பலமுறை திரும்பத் திரும்பச் செய்தேன். கிளம்பக் கற்பதற்கு முன் நிற்கக் கற்க வேண்டும் என்பது அவருடைய பாடம். அதன் பிறகே கியர் மாற்றுதல், எட்டு வடிவில் திரும்புதல், பின்னால் வருவதைத் தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தல் ஆகியவை.

திரும்பும்போது பார்வை எங்கே போகிறதோ, வண்டியும் அங்கேயே போகும். பள்ளத்தையே பார்த்தால் பள்ளத்தில்தான் விழுவோம். போக வேண்டிய இடத்தைப் பார்க்கப் பழகுங்கள்.

பிரேக்கைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நான் விழுந்தது அதனால்தான். காய்ந்த தார்ச் சாலையில் நிறுத்தும்போது வண்டியின் பாரம் முன்னே சாய்கிறது. ஆகவே முன் பிரேக்குக்கே அதிக பலம் உண்டு. இரண்டு பிரேக்குகளையும் சேர்த்து, படிப்படியாக அழுத்துவதே முறை. ஆனால் ஈரச் செம்மண்ணிலும் மணலிலும் முன் சக்கரம் பூட்டிக்கொண்டால் உடனே வழுக்கும். அங்கே வளைவுக்கு முன்பாகவே வேகத்தைக் குறைத்து, கீழ் கியருக்கு மாறி, பின் பிரேக்கை மென்மையாகப் பயன்படுத்த வேண்டும். வளைவுக்குள் நுழைந்த பிறகு பிரேக்கை இறுகப் பிடிக்கலாகாது.

வேகத்தின் கணக்கையும் பாருங்கள். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 8 மீட்டர் ஓடுகிறோம். 60 கிலோமீட்டரில் ஏறத்தாழ 17 மீட்டர். ஆபத்தைக் கண்டு கை பிரேக்கைத் தொடுவதற்குள்ளேயே அந்தத் தூரம் கடந்துவிடுகிறது. அதற்குப் பிறகு வண்டி நிற்க வேண்டிய தூரமோ இரண்டு மடங்கு அன்று, நான்கு மடங்கு. வேகம் இரட்டித்தால் அடக்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகிறது என்பதே காரணம்.

தலைக்கவசம் அணிவது நம் நாட்டில் 1973ஆம் ஆண்டு முதல் சட்டமாக இருந்து வருகிறது. ஓட்டுபவர், பின்னால் அமர்பவர் இருவருக்கும் பொருந்தும். பகலிலும் முன் விளக்கு எரிய வேண்டும் என்ற சட்டம் 1992இல் வந்தது. நம் நாட்டுச் சாலைகளில் உயிரிழப்போரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் செல்பவர்கள். ‘தோட்டத்துக்குள்தானே போகிறேன்’ என்று தலைக்கவசத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். தலை தரையில் மோதுவதற்கு உயரமே போதும், வேகம் தேவையில்லை. கவசம் தலைக்கு அளவாக இருக்க வேண்டும். தாடைக்கடியில் வார் பூட்டப்பட வேண்டும். ஒருமுறை பலமாக அடிபட்ட கவசத்தை மீண்டும் பயன்படுத்தாதீர்கள். பாதங்கள் கால்மிதிக்கு எட்டாத பிள்ளையைப் பின்னால் ஏற்றாதீர்கள். சிலிப்பருக்குப் பதிலாகச் சப்பாத்து அணியுங்கள்.

செம்பனைக் குலை ஏற்றிச் செல்லும் லாரிகளின் அருகில் மிகுந்த கவனம் தேவை. லாரியின் பக்கக் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லையென்றால், நீங்களும் அவருக்குத் தெரியவில்லை என்று கொள்ளுங்கள். அது இடப்பக்கம் திரும்பும் சந்தியில், அதன் இடப்பக்கம் நுழைந்து முந்தவே கூடாது.

நேயர்களே, லைசென்ஸ் கைக்கு வந்த பிறகும் ஒரு மாதம் தனியாகவே ஓட்டினேன். பின்னால் ஆள் அமர்ந்தால் வண்டியின் நடை மாறும். நிறுத்தும் தூரமும் கூடும். முதலில் மாமாவை ஏற்றிக்கொண்டு திடலைச் சுற்றினேன். பின் டயரின் காற்றையும் வண்டியில் ஒட்டியுள்ள குறிப்பின்படி கூட்டிக்கொண்டேன். அதற்குப் பிறகே என் கணவரை அழைத்தேன். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு பேசாமல் வந்தார். வளைவில் என்னோடு சேர்ந்து சாய வேண்டும், எதிர்ப்பக்கம் இழுக்கக் கூடாது என்று முன்பே சொல்லி வைத்திருந்தேன்.

பாதி வழியில், “அந்தச் சரிவு வந்துடுச்சா?” என்று கேட்டார்.

“அதைத் தாண்டியாச்சுங்க,” என்றேன்.

அன்று கண் பரிசோதனைக்கு அரை மணி நேரம் முன்னதாகவே போய்ச் சேர்ந்தோம்.

அச்சம் முழுவதும் என்னை விட்டுப் போய்விட்டதாக நான் சொல்லமாட்டேன். அந்தச் சரிவு வந்தால் இன்றும் கை தானாகவே ஆக்சிலேட்டரைக் குறைக்கிறது. அந்த அளவு அச்சம் இருப்பது நல்லதே. மீண்டும் தொடங்க விரும்பும் சகோதர சகோதரிகளே, சிறிய வண்டியாகப் பாருங்கள், லைசென்ஸைச் சரிசெய்துகொள்ளுங்கள், திடலில் நிற்கக் கற்றுக்கொள்ளுங்கள், நன்றாகப் பழகிய பிறகே பிறரை ஏற்றுங்கள். உங்கள் பிள்ளைகள் வண்டியை எப்படி ஓட்டுவார்கள் என்பதை, நாளை அவர்கள் உங்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்வார்கள்.