தூசிக் காற்றும் தும்மலும்: வளைகுடாவில் நாம் கவனிக்க வேண்டியவை

மார்ச் கடைசியில் தொடங்கி மே வரை குவைத்தில் வானிலை ஒரு நிலையில் நிற்பதில்லை. இதை இங்கே 'ஸராயாத்' காலம் என்பார்கள். காலையில் தெளிவாக இருக்கும் வானம் அஸருக்குள் செம்மண் நிறமாகிவிடும். 2022 மே மாதப் புழுதிப் புயலில் விமானப் போக்குவரத்தே சில மணி நேரம் நிறுத்தப்பட்டது நம்மில் பலருக்கு நினைவிருக்கும்.

இந்த நாட்களில் தும்மலும் மூக்கில் நீரும் வந்தால் ஜலதோஷம் என்று நாமே முடிவுகட்டி, ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்திரைகளைத் தேடுகிறோம். ஜலதோஷம் பத்து நாளுக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். அலர்ஜியோ, காரணம் காற்றில் இருக்கும்வரை வாரக்கணக்கில் தொடரும். கண்ணும் மூக்கும் அரிக்கும், காய்ச்சல் இருக்காது. இதற்கு ஆன்டிபயாடிக் பயன்படாது. அவில் போன்ற மாத்திரைகள் தூக்கம் வரவைக்கும். வாகனம் ஓட்டுபவர்களுக்கும் உயரத்தில் வேலை செய்பவர்களுக்கும் அது ஆபத்து.

தூசி மட்டுமே காரணமல்ல. நம் ஊர்ச் சீமைக்கருவேலம் வளைகுடாவிலும் வளர்கிறது. அதன் மகரந்தமும் பலருக்கு ஒத்துக்கொள்வதில்லை.

வீட்டில் செய்யக்கூடியவை எளிமையானவை. புழுதி நாளில் ஜன்னலை மூடி வைப்போம். பால்கனியில் துணி காயப்போட வேண்டாம். துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைப்போம். ஏசி ஃபில்டரை அடிக்கடி கழுவுவோம். வெளியே போக நேர்ந்தால் துணி மாஸ்க்கை விட என்95 நல்லது. திரும்பியதும் உடை மாற்றிக் குளித்துவிட வேண்டும். ஒளுவில் மூக்கைச் சுத்தம் செய்வது நமக்குப் பழக்கம்தான். ஆனால் மூக்கின் உட்புறம் வரை கழுவ, குழாய்த் தண்ணீர் வேண்டாம், மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீரையே பயன்படுத்துவோம்.

ஆஸ்துமா உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். "இன்ஹேலர் பழகிவிடும்" என்று பயந்து பாதியில் நிறுத்துபவர்கள் நம்மிடையே நிறைய. அது போதைப் பொருள் அல்ல. டாக்டர் சொன்னபடி தினமும் எடுத்தால்தான் புழுதி நாளில் மூச்சு முட்டாது. ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் மூச்சு வாங்கினாலோ, உதடு நீலமானாலோ காத்திருக்காமல் 112-ஐ அழைக்க வேண்டும்.

விடுப்பு கிடைக்காது, செலவாகும் என்று அறையிலேயே இருமிக்கொண்டு, வீட்டுக்குப் போன் செய்யும்போது "ஒன்றுமில்லை, சளிதான்" என்று சொல்லும் சகோதரர்கள் எத்தனையோ பேர். பக்கத்துக் கட்டிலில் இரவெல்லாம் இருமல் கேட்டால், மறுநாள் அவரை நாமே கிளினிக்கிற்கு அழைத்துச் செல்வோம்.