இகுவானாவும் உடும்பும்: உறவுநிலையும் பெயரீடும்

இகுவானா என்னும் பல்லியைத் தமிழில் ‘உடும்பு’ எனப் பெயர்த்தெழுதும் வழக்கம் உள்ளது. உருவின் பருமையும் வாலின் நீளமும் இதற்குக் காரணமாகலாம். ஆயின் வகைப்பாட்டு நிலையில் இவ்விரண்டும் நெருங்கிய உறவுடையன அல்ல.

இச்சொல் கரீபியத் தீவுகளின் தைனோ மொழியிலிருந்து ஸ்பானிய மொழி வழியாகப் பரவியது. ஐரோப்பியர் பிற நிலங்களில் கண்ட உடும்புகளையும் இப்பெயராலேயே சுட்டினர். ஆஸ்திரேலிய ஆங்கிலத்தில் உடும்பைக் குறிக்கும் ‘கோவானா’ இதன் திரிபேயாகும். இலங்கை ஆங்கிலத்திலும் உடும்பு ‘இகுவானா’ எனப்பட்டது. தமிழில் நிகழ்வது இக்குழப்பத்தின் மறுதலை எனலாம்.

பச்சை இகுவானா மெக்சிகோ முதல் பிரேசில் வரையிலான வெப்பமண்டலக் காடுகளில், பெரும்பாலும் நீர்நிலையோர மரங்களில் வாழ்வது. இலையே இதன் முதன்மை உணவு. அரம்போன்ற விளிம்புடைய பற்கள் இலையைத் துணிக்கின்றன. செரிமானமோ பெருங்குடலில் வாழும் நுண்ணுயிரிகளின் துணையால் நிகழ்கிறது. இந்நுண்ணுயிரிகளைக் குஞ்சுகள் முதிர்ந்தவற்றின் எச்சத்தை உண்டு பெறுகின்றன. பல்லிகளுள் பெரும்பாலானவை பூச்சியோ ஊனோ உண்பவை என்பதை எண்ணுமிடத்து, இகுவானாவின் தனியிடம் விளங்கும். கலாபகசுத் தீவுகளின் கடல் இகுவானா கடற்பாசியை மேய்ந்து, மிகை உப்பை மூக்கு வழியே வெளியேற்றுகிறது. உடும்போ ஊனுண்ணி; பிளவுண்ட நீள்நாவால் மணமறிந்து இரைதேடுவது.

இகுவானாவின் உறவினர் ஓணானும் பச்சோந்தியுமே. இம்மூன்றும் ‘இகுவானியா’ என்னும் பெரும்பிரிவில் அடங்கும். ஓணானின் பற்கள் தாடையின் விளிம்பில் ஒட்டியிருக்க, இகுவானாவின் பற்கள் தாடையின் உட்பக்கத்தில் பொருந்தி, விழுந்து முளைக்கும். உடும்பின் பற்களும் உட்பக்கத்தனவே; எனவே பல்லமைப்பை மட்டும் கொண்டு உறவை முடிவுசெய்தல் பிழையாகும். இந்தியப் பல்லிகளுள் உணவுமுறையால் இகுவானாவுக்கு ஒப்பாகக் கூறத்தக்கது தார்ப் பாலையின் முள்வால் ஓந்தி. அதுவும் ஓணான் குடும்பத்தைச் சார்ந்ததே.

பெயரீட்டுச் சிக்கல் சொல்லளவில் நிற்பதன்று. இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் முதல் அட்டவணையில் உடும்பு இடம்பெற்றுள்ளது. அதனைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். இகுவானாவோ வளர்ப்புயிராக விற்கப்படும் அயல்நாட்டு உயிரி; அதன் பன்னாட்டு வணிகம் ‘சைட்டீஸ்’ உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பால் நெறிப்படுத்தப்படுகிறது. இரண்டையும் உடும்பு என்னும்போது எச்சட்டம் எதற்குரியது என்பது மயங்குகிறது. ‘பேரோந்தி’ என்னும் சொல் உறவையும் உருவையும் ஒருங்கே உணர்த்துவதால் பாடநூல்களில் ஆளத்தக்கது. கலைச்சொல் நிலைபெறும் வரை ‘இகுவானா’ என ஒலிபெயர்த்தெழுதுவதும் ஏற்புடையதே.