படைப்புழு செய்து தந்த மனிதப் புரதம்

பெரம்பலூர், அரியலூர் பக்கம் மக்காச்சோளம் போட்டவர்களுக்குப் படைப்புழுவை அறிமுகப்படுத்தவே வேண்டாம். 2018-இல் இந்தியாவுக்குள் வந்தது. குருத்தைப் பிரித்துப் பார்த்தால் ஈர மரத்தூள் போல எச்சம் குவிந்திருக்கும், அதற்குள் புழு. தலையில் தலைகீழாகப் போட்ட ‘ஒய்’ எழுத்து, வால் பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளிகள். பயிரை அழித்த அந்த முகத்தை விவசாயி மறக்கமாட்டார்.

இதே பூச்சியின் செல்கள்தான் உலகெங்கும் மருந்து ஆய்வுக்கூடங்களில் மனிதப் புரதங்களைச் செய்து தருகின்றன. 1970-களில் இதன் கூட்டுப்புழுவின் சூலகத்திலிருந்து எடுத்து வளர்த்த செல்களின் வழிவந்தவை அவை. ‘எஸ்எஃப் 9’ என்று பெயர். கொரோனா காலத்தில் கோவோவேக்ஸ் ஊசி போட்டுக்கொண்டவர்களின் உடலுக்குள் போன புரதமும் இந்தச் செல்களில் விளைந்ததுதான்.

மனிதப் புரதத்துக்கு எதற்குப் பூச்சி? இளைப்பு நோயாளியின் கையிலிருக்கும் நீல இன்ஹேலரிலிருந்து தொடங்கலாம். அதிலுள்ள சால்பியூட்டமால், மூச்சுக்குழாய்த் தசைச் செல்களின் படலத்தில் உள்ள ‘பீட்டா-2 அட்ரினலின் ஏற்பி’ என்ற புரதத்தில் போய் உட்காருகிறது. 413 அமினோ அமிலங்கள் கோத்த இழை அது. துணியில் ஓடிய தையல் போலப் படலத்தை ஏழு முறை ஊடுருவி நிற்கிறது. வெளிப்பக்கம் மருந்து உட்கார்ந்ததும் உள்பக்கம் அதன் வடிவம் மாறும், தசை தளரும், மூச்சு வரும்.

இந்த ஏற்பியைத் தனியே எடுத்து ஆராய்வதுதான் பெரும்பாடு. உடலில் அது இருப்பதே மிகக் கொஞ்சம். கொழுப்புப் படலத்தைவிட்டு வெளியே இழுத்தால் குலைந்துபோகும். இன்சுலினைப் பாக்டீரியாவிடமே செய்து வாங்கிவிட்டோம். ஆனால் படலத்துக்குள் சரியாக மடிந்து நிற்க வேண்டிய இந்தப் புரதத்துக்குப் பாக்டீரியா தோதான இடமில்லை.

வழி திறந்தது 1983-இல். டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் மேக்ஸ் சம்மர்ஸும் கேல் ஸ்மித்தும், பூச்சிகளைத் தாக்கும் பேக்குலோ வைரஸைக் கையில் எடுத்தார்கள். தனக்கு உறை கட்டிக்கொள்ள ஒரே புரதத்தை மலைமலையாகச் செய்யவைக்கும் வைரஸ் அது. அந்தப் புரதத்துக்குரிய மரபணு இருந்த இடத்தில் மனித மரபணுவை வைத்தார்கள். பூச்சிச் செல் மனிதப் புரதத்தைச் செய்யத் தொடங்கியது.

ஏற்பியைச் செய்யும் முறையும் இதுவே. 27 டிகிரி வெப்பத்தில் குடுவைகளில் செல்களைக் குலுக்கி வளர்த்து, வைரஸைச் சேர்த்து, இரண்டு நாள் கழித்துச் செல்களை உடைக்கிறார்கள். சோப்பு போன்ற பொருளால் படலத்தைக் கரைத்து ஏற்பியைப் பிரிக்கிறார்கள். அடுத்த படிதான் எனக்கு மிகவும் பிடித்தது. அந்தக் கரைசலை, ஆல்பிரினலால் என்ற மருந்து ஒட்டப்பட்ட மணிகளின் வழியே விடுகிறார்கள். ஒழுங்காக மடிந்த ஏற்பி மட்டும் மருந்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். கோணலாக மடிந்தவை வழிந்து போய்விடும். புரதம் தன் வேலையைச் செய்துகாட்டியே தேர்வாகிறது.

இப்படிச் சேர்த்த புரதத்தைப் படிகமாக்க ஆய்வாளர் பிரையன் கோபில்காவுக்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பிடித்தன. ஏற்பியின் ஒரு பகுதி ஓயாமல் ஆடிக்கொண்டே இருந்தது. அதை வெட்டிவிட்டு, அங்கே வேறொரு வைரஸின் உறுதியான நொதியைப் பொருத்தினார்கள். 2007-இல் வடிவம் தெரிந்தது. ஏற்பி உள்ளே செய்தி சொல்லும் தருணத்தையே 2011-இல் படம்பிடித்தார்கள். மறு ஆண்டு கோபில்காவுக்கும் அவருடைய ஆசான் ராபர்ட் லெஃப்கோவிட்ஸுக்கும் வேதியியல் நோபல் கிடைத்தது.

இன்று புழக்கத்தில் உள்ள மருந்துகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று இந்த ஏற்பிக் குடும்பத்தில்தான் வேலை செய்கிறது. குடும்பத்தில் ஒன்றுக்கொன்று சாயல் அதிகம் என்பதே சிக்கல். இதயத்தில் பீட்டா-1, மூச்சுக்குழாயில் பீட்டா-2. ப்ரொப்ரனலால் மாத்திரை இரண்டையும் அடைத்துவிடும். அதனால்தான் இளைப்பு உள்ளவர்களுக்கு அதைக் கொடுக்கத் தயங்குகிறார்கள். ஏற்பிகள் தனித்தனியே கையில் இருந்தால், புது மருந்து எதை எவ்வளவு இறுகப் பிடிக்கிறது என்று மனித உடலைத் தொடும் முன்பே அளந்துவிடலாம்.

அப்படியும் தீராத சிக்கல் உண்டு. இன்ஹேலர் இழுத்த பிறகு சிலருக்கு விரல் நடுங்குகிறதே, அங்கே மருந்து ஆள் மாறிப் பிடிக்கவில்லை. கைத்தசையிலும் இதே பீட்டா-2 இருக்கிறது.