இருக்கும் ஜாவா ஏன் கண்ணில் படுவதில்லை?

லிப்ரே ஆபிஸ் அலுவலகத் தொகுப்பின் பேஸ் தரவுத்தளத்தைத் திறந்தால், 'இந்த வேலைக்கு ஜாவா தேவை' என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். ஜாவாவோ அதே கணினியில் இருக்கும்; கட்டளைத் திரையில் கேட்டால் தன் பதிப்பு எண்ணைக்கூடச் சொல்லும். நீக்கிவிட்டு மறுபடி நிறுவிப் பார்த்தாலும் அதே பெட்டிதான் வரும். காரணம், ஜாவா போன்ற ஒரு துணை நிரல் வட்டில் இருந்தால் மட்டும் போதாது. அது தன் முகவரியை எங்கே எழுதிவைக்கிறதோ, அங்கேயே அதைத் தேடும் நிரலும் போய்ப் பார்க்க வேண்டும்.

விண்டோஸில் அந்த இடம் ரெஜிஸ்ட்ரி. 64-பிட் விண்டோஸ், 32-பிட் நிரல்களுக்கென்று அதில் தனிக் கிளை வைத்திருக்கிறது. 32-பிட் நிரல் பொதுக் கிளையைக் கேட்டாலும் அதற்குத் தெரியாமலே அந்தத் தனிக் கிளைக்குத் திருப்பிவிடப்படும். ஆகவே 64-பிட் ஜாவா எழுதிவைத்த முகவரி 32-பிட் லிப்ரே ஆபிஸின் பார்வைக்கே வராது. வந்தாலும் பயனில்லை; லிப்ரே ஆபிஸ் ஜாவாவைத் தன் செயல்முறைக்குள்ளேயே (process) ஏற்றிக்கொள்கிறது, ஒரே செயல்முறைக்குள் 32-பிட், 64-பிட் இரண்டையும் கலக்க முடியாது. 2017-இல் வெளிவந்த ஜாவா 9, ரெஜிஸ்ட்ரியில் தன் கிளையின் பெயரையே மாற்றிக்கொண்டது. பழைய பெயரை மட்டும் தேடத் தெரிந்த நிரல்களுக்குப் புதிய ஜாவா கண்ணில் படவில்லை. மேக்கில் கதை சற்று வேறு. டெர்மினல் என்ற கட்டளைத் திரை, பாத் என்ற பட்டியலில் உள்ள கோப்புறைகளில் தேடும்; டாக் என்ற செயலிப் பட்டையிலிருந்து திறக்கும் செயலிக்கு டெர்மினலில் நாம் அமைத்த அந்தப் பட்டியல் போய்ச் சேர்வதில்லை. அதனால்தான் டெர்மினலுக்குத் தெரிந்த நிரல் செயலிக்குத் தெரியாமல் போகிறது.

வட்டு முழுவதையும் தேடிவிட்டால் என்ன என்று கேட்கலாம். கூடாது. பெயர் பொருந்தினாலே எடுத்து இயக்கும் நிரல், பதிவிறக்கக் கோப்புறையில் அதே பெயரில் கிடக்கும் தீநிரலையும் இயக்கிவிடும். யூனிக்ஸ் நிர்வாகிகள் நடப்புக் கோப்புறையைப் பாத்தில் சேர்க்காதிருப்பதும் இந்த அச்சத்தால்தான். ஆக, குறுகிய தேடல் சரியானதே. தவறு அந்தப் பெட்டி காட்டும் செய்தியில் இருக்கிறது. 'இல்லை' என்பதும் 'நான் பார்த்த இடத்தில் இல்லை' என்பதும் ஒன்றல்ல. எங்கெங்கே பார்த்தோம், எதை ஏன் தள்ளினோம் என்பது நிரலுக்குத் தெரியும். அதைப் பயனரிடம் மறைப்பது அநியாயம். கோப்புறை முகவரிகளைக் காட்டினால் சாதாரணப் பயனர் மிரண்டுபோவார் என்பார்கள். தவறான செய்தியை நம்பி, கண்ட தளங்களிலிருந்தெல்லாம் ஜாவாவைத் திரும்பத் திரும்ப இறக்குவதுதான் அவருக்கு அதைவிடப் பெரிய ஆபத்து. முழுப் பட்டியலையும் முகத்தில் கொட்ட வேண்டியதில்லை. 'விவரம்' என்ற பொத்தானுக்குப் பின்னால் வைக்கலாம். லிப்ரே ஆபிஸே பிற்பாடு தன் செய்தியில் '64-பிட் ஜாவா தேவை' என்று பிட் அளவைச் சேர்த்தது. அந்த ஓர் எண் போதும், எதை இறக்குவது என்று தெரிந்துவிடும். ஜாவா இருக்கும் கோப்புறையை நாமே காட்டும் வசதியும் லிப்ரே ஆபிஸின் விருப்பங்கள் பக்கத்தில் உண்டு. அதையும் அந்தச் செய்திப் பெட்டிக்குள்ளேயே கொண்டுவர வேண்டும்.