ஊதியம் என்னும் ஒரு சொல்

பழைய நூல்களிலே 'ஊதியம்' என்பது வணிகன் தன் முதலுக்கு மேலாகப் பெறும் ஆதாயத்தைக் குறித்தது. திருவள்ளுவர் ஆளும் இடங்களிலும் ஆக்கம், பயன் என்னும் பொருளே நிற்கும். இக்காலத்திலோ அச்சொல் மாதச் சம்பளத்துக்குப் பெயராயிற்று. இவ்வேறுபாட்டை மாணவர்க்கு விளக்கும்போதெல்லாம் ஒரு கூட்டத்தார் என் நினைவுக்கு வருவர். அவர்கள் முதலாளிகள் அல்லர். வெறுஞ் சம்பளக்காரரும் அல்லர். கம்பெனிப் பண்டங்களுக்கு ஓடர் எடுக்க மோட்டார்ச் சைக்கிளிலே கடைகடையாய்த் திரியும் விற்பனைப் பிரதிநிதிகள். அடிப்படைச் சம்பளம் சிறிது. மிகுதி, விற்ற அளவுக்கேற்ற கொமிஷன். சொல்லின் இரு பொருளும் அவர்கள் மடியிலே கிடக்கின்றன. வாணிகம் செழித்தால் இலாபத்தில் ஒரு துளி அவர்களுக்கு உண்டு. நொடித்தால் முதலடி அவர்கள் மேலேயே விழும்.

திருகோணமலையிலே இவர்கள் செல்லும் வழியை அறியாதார் இரார். ஒருநாள் நிலாவெளி, குச்சவெளி. மறுநாள் சீனன்குடா, தம்பலகாமம், கந்தளாய். பின்னொருநாள் கிண்ணியா, மூதூர். கிண்ணியாவிலே 'பாதை'க்குக் காத்து நின்ற தொல்லை 2009 இற் பாலம் திறந்தபின் ஒழிந்தது. (நீரைக் கடத்தும் மிதவைக்குப் பாதை என்று பெயரிட்ட நம்மவர் சொல்வளம் தனியே எழுதத்தக்கது.)

இத்துறைமுக ஊருக்குத் தொழில் போய்விடுமோ என்ற அச்சம் புதிதன்று. 1957 ஒக்டோபர் 15 ஆம் நாள் பிரித்தானியர் தம் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்து நீங்கினர். தளத்திலே வேலை செய்தவர்களும், அவர்கள் கைக்காசை நம்பிக் கடை வைத்தவர்களும் ஒருங்கே கலங்கிய கதையை என் தந்தையார் தலைமுறையினர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆயின் அப்போது போனது வாங்குவோர் கூட்டம். 2022 இலே வாங்குவோர் ஊரிலேயே இருந்தனர். அவர்தம் கையிலிருந்த பணத்தின் பெறுமதி போய்விட்டது.

அவ்வாண்டு ஏப்ரில் 12 ஆம் நாள் அரசு வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்துவதாக அறிவித்தது. ஏறக்குறைய 200 ரூபாயாயிருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாயை எட்டிற்று. செப்டெம்பரிலே கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் ஏறத்தாழ நூற்றுக்கு எழுபது. இவையெல்லாம் பத்திரிகை படிப்போர் அறிந்தவை. ஒரு விற்பனைப் பிரதிநிதியின் மோட்டார்ச் சைக்கிளை இவை எவ்வாறு வந்து தொட்டன என்பதே நான் சொல்ல விரும்புவது.

கிராமத்துக் கடைக்காரர் சரக்கை எடுத்துக்கொண்டு பின்தேதியிட்ட காசோலை கொடுப்பார். ஏஜென்சிக்காரர் வங்கியின் மேலதிகப்பற்றை நம்பி அதுவரை பொறுத்திருப்பார். ஏப்ரில் 8 ஆம் நாள் மத்திய வங்கி தன் வட்டியை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. அதன்பின் அவரால் எங்ஙனம் பொறுக்க முடியும்? 'கைக்காசு தந்தால் சரக்கு' என்றார். பத்துப் பெட்டி எடுத்த கடைக்காரர் மூன்று பெட்டி எடுத்தார். ஓகஸ்டிலே முந்நூறுக்கு மேற்பட்ட பண்டங்களின் இறக்குமதியும் தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. மாத இலக்கோ குறையவில்லை. இலக்கை ரூபாயிலே கணித்த கம்பெனி விலையோடு அதனையும் ஏற்றிற்று. பெட்டிக் கணக்கிலே கணித்த கம்பெனி பழைய எண்ணிக்கையையே கேட்டது. எவ்வாறாயினும் குறை பிரதிநிதியின் தலையிலேதான்.

இதனிடையே எரிபொருள். யூலை மாதம் தொடங்கிய அனுமதி அட்டைத் திட்டத்திலே மோட்டார்ச் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர். கந்தளாய்க்கு ஒருமுறை சென்று கடைகளைச் சுற்றி மீள்வதிலேயே அதிற் பாதி தீர்ந்துவிடும். உலகப்போர்க் காலத்து எண்ணெய்க் குதங்கள் நிரைநிரையாய் நிற்கும் சீனன்குடாவைத் தாண்டித்தான் அவன் வெறுந் தாங்கியோடு வண்டியை உருட்டிச் செல்ல வேண்டியிருந்தது.

கோவலனும் ஒருநாள் விற்பனைக்காரனாகவே மதுரைத் தெருவில் நடந்தான். ஒற்றைச் சிலம்பே அவன் சரக்கு. விற்கப் போகின்றவன் பிறர் சொல்லை நம்பியே நிற்கவேண்டியவன் என்பதை இளங்கோவடிகள் நன்கறிந்திருந்தார்.

அவ்வாண்டு ஆவணியிலே என் பழைய மாணவன் ஒருவன் தாளொன்றுடன் வந்தான். பதினொரு வருடம் ஒரே கம்பெனியில் வேலை செய்தவன்.

"ஐயா, இதிலே எழுத்துப்பிழை உண்டோ என்று பாருங்கள்" என்றான்.

எழுத்துப்பிழை இரண்டு இருந்தன, அவை பெரிதல்ல. 'எனது சொந்த விருப்பின்பேரில் விலகுகின்றேன்' என்றொரு தொடர் இருந்தது.

"தம்பி, இது உமது விருப்பமோ?"

"இல்லை ஐயா. கையெழுத்து வைத்தால் இரண்டு மாதச் சம்பளம் தருவார்களாம். வைக்காவிட்டால் அதுவும் இல்லையாம்."

நான் சட்டம் கற்றவன் அல்லேன். ஆயினும் ஒரு சொல்லின் பொருளை ஆராய்வது என் தொழில். 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டம், பதினைந்தோ அதற்கு மேலோ ஊழியரை உடைய இடத்திலே, ஒழுக்காற்றுத் தண்டனையாகவன்றி ஒருவரை நீக்குவதாயின், அவரது எழுத்து மூலமான சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ முன்னதாக வேண்டும் என்கிறது. அச்சம் பெற்றுத் தரும் அந்தக் கையெழுத்து, அனுமதி கேட்கும் சிரமத்தைக் கம்பெனிக்கு மிச்சமாக்கிவிடும். அதுவுமன்றி, 1983 ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டத்தின்படி ஐந்து வருடம் நிறைந்தோர்க்கு வருடமொன்றுக்கு அரைமாதச் சம்பளம் உரியது. பதினொரு வருடத்துக்கு ஐந்தரை மாதம்! தாமே விலகினாலும் அது கிடைக்க வேண்டும். அவர்கள் கருணையாகக் காட்டிய இரண்டு மாதம் உரிமைத் தொகையின் பாதியையும் எட்டவில்லை.

அவன் கையெழுத்திடவில்லை, தொழில் அலுவலகத்துக்குப் போய் விசாரித்தான். அதே தாளைப் பெற்ற வேறு மூவர் முன்னரே கையெழுத்திட்டு நீங்கியிருந்தனர். ஒருவர் கத்தாருக்குப் போய்விட்டார். ஊர் ஏஜென்சிகளிலே நான்கைந்து பேராய் வேலை செய்வோர் நிலை இதனினும் மெலிது. பதினைந்துக்குக் குறைந்த இடங்களுக்கு இவ்விரு சட்டங்களின் காவலும் இல்லை. அவர்கள் தொழில் நியாய சபையின் படியேற வேண்டும். வழக்குக்கு நாளும் பணமும் யாரிடம் உண்டு?

2023 மார்ச்சிலே சர்வதேச நாணய நிதியத்தின் கடன் வந்தது. விலையேற்றத்தின் வேகம் தணிந்தது. ஏறிய விலைகளோ பெரும்பாலும் ஏறியபடியே நின்றன; 2022 தொடக்கத்தில் நூற்றுக்கு 8 ஆயிருந்த பெறுமதி சேர் வரி 2024 தொடக்கத்தில் 18 ஆயிற்று. என் மாணவனைக் கம்பெனி கொமிஷன் குறைந்த மூதூர் வழிக்கு மாற்றிவிட்டது. அங்கே மூடிக் கிடந்த கடைகளுட் சில திறந்திருக்கின்றன என்றும், கடைக்காரர் இன்னும் நான்கு பெட்டிக்குமேல் எடுக்கத் துணிவதில்லை என்றும் சென்ற கிழமை வந்தபோது சொன்னான்.