பெயரின் விலையும் நாதத்தின் விலையும்

வத்தேகமவிலும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலும் இசை பயிலத் தொடங்கும் பிள்ளைகளின் பெற்றோர் என்போன்ற ஆசிரியரிடம் வினவுவதொன்றுண்டு: "ஐயா, பெயர்பெற்ற கருவியை வாங்கினாற்றான் பிள்ளைக்கு வித்தை வருமா?" காதிற் கிடக்கும் தோட்டை அடகு வைத்தேனும் வாங்கித்தரத் துணிந்தோர் வினவும் வினாவாதலின், இதனை எளிதாகத் தள்ளிவிடல் ஆகாது.

பெயரால் விலையுயர்ந்த கருவிக்குச் சான்று வேண்டின், இத்தாலி நாட்டுக் கிரெமோனா நகரில் வாழ்ந்து 1737ஆம் ஆண்டில் மறைந்த அந்தோனியோ ஸ்திராதிவாரி செய்த வயலின்களைக் கூறலாம். அவற்றுள் ஒன்று 2011ஆம் ஆண்டில் ஏறக்குறைய 1 கோடியே 59 இலட்சம் அமெரிக்க டாலருக்கு ஏலம் போயிற்று. அதற்கு முந்திய ஆண்டில் அமெரிக்காவின் இந்தியானாபொலிஸ் நகரில் ஆராய்ச்சியாளர் ஒரு சோதனை நடத்தினர். பழைய வயலின் மூன்று, புதிய வயலின் மூன்று. பழையனவற்றுள் இரண்டு ஸ்திராதிவாரியின் கைவண்ணம். எது எதுவென்று கண்டறியாவண்ணம் 21 கலைஞர் அவற்றை வாசித்தனர். வீட்டுக்குக் கொண்டுசெல்ல விரும்புவது எதுவெனக் கேட்டபோது, 13 பேர் புதியதையே சுட்டினர். 2012இல் பாரிஸ் நகரை அண்டி நடந்த மற்றொரு சோதனையிலும் வித்துவான்கள் பதின்மருள் அறுவர் புதியதையே நாடினர்.

அற்றேல், விலை முழுதும் வீண் என்பதோ முடிபு? அன்று. அப்புதிய வயலின்களும் கைதேர்ந்த தச்சர் செய்தனவே, மலிவுச் சரக்கல்ல. நல்ல மரத்துக்கும் நல்ல கைக்கும் கொடுக்கும் பணம் நாதமாகத் திரும்பி வரும். அதற்குமேற் கொடுப்பது பழமைக்கும் புகழுக்கும் இடும் காணிக்கை என்பதே அச்சோதனைகள் உணர்த்துவது.

நம் கருவிகளுக்கும் இது பொருந்தும். 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் வீணையை நோக்குக. ஒரே பலாமரத்திற் குடைந்த ஏகாந்த வீணை, ஒட்டு வீணையினும் விலை மிக்கது. பெருமரம் கிடைத்தற்கு அரிது, உழைப்பும் மிகுதி. ஆயினும், 24 மெட்டுகளையும் மெழுகின்மேல் உரிய இடத்திற் பதிக்கும் 'மேளங் கட்டுதல்' பிழைத்தால், ஏகாந்த வீணையும் அபசுரமே பேசும். 2022இல் அக்குறியீடு பெற்ற நரசிங்கம்பேட்டை நாகசுரம் ஆச்சா மரத்திற் கடையப்படுவது. எனினும், அதன் ஒலி பிறப்பது வாயில் வைத்தூதும் சிறு சீவாளியில். சீவாளி சீர்கெடின் குழலின் பெயர் என் செய்யும்?

வேறெங்கும் போக வேண்டா. மலையகத் தோட்டங்களிற் காமன்கூத்துக்கு முழங்கும் தப்பு, மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய தோலேயன்றி வேறன்று. கம்பெனி முத்திரை அதற்கில்லை. தீயிற் காய்ச்சித் தோலைப் பதப்படுத்தத் தெரிந்தவன் கையில் அது ஊரையே எழுப்புகின்றது.

ஆதலின், பெற்றோர்க்கு யான் கூறுவது இது. மிக மலிந்த கருவியை வாங்கற்க. முறுக்காணி வழுக்கிச் சுருதி நில்லாத வயலின், பிள்ளையின் செவியையே கெடுத்துவிடும். சுருதி நிற்றல், தந்தி விரலுக்கு இணங்கல், பழுதுற்றாற் செப்பனிட அணித்தே ஆள் இருத்தல் ஆகிய மூன்றும் அமைந்தாற் போதும். வாசிக்க வல்லார் ஒருவரை உடனழைத்துச் சென்று, முத்திரையை நோக்காது செவியாற் கேட்டுத் தேர்க. மிஞ்சும் பணம் ஆசிரியருக்கும் புதிய தந்திகளுக்கும் ஆகட்டும்.

ஆசிரிய அன்பர்களுக்கும் ஒரு விண்ணப்பம். ஒவ்வொரு பாடசாலையும் நல்ல கருவிகள் இரண்டு மூன்றைப் பொதுவில் வைத்துப் பேணுமாயின், வறிய வீட்டுப் பிள்ளை கடன் சுமையின்றிச் சரளி வரிசையைத் தொடங்கலாம். பிள்ளைக்குக் கை படிந்து, தனக்கு வேண்டிய நாதம் எதுவெனத் தானே அறிந்த பின்னர், சொந்தக் கருவி வாங்குவதைப்பற்றி எண்ணுதல் சாலும்.